முதல் தர வீட்டின் முன்படிகள்

படிகளைக் காணோம்.

வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியதும் நான் பார்த்தது அதைத்தான். நூறு வருஷத்து வீடு. முன்னால் ஏழெட்டுக் கருங்கல் படிகள், இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் கைப்பிடிச் சுவர். மூன்று மாதத்துக்கு முன்னால் நானே உட்கார்ந்து வரைந்தவை. இப்போது அங்கே கல்லும் மண்ணும்தான் கிடந்தன. வாசல் கதவு என் மார்பு உயரத்தில் அந்தரத்தில் நின்றது. கல் உடைக்கும் மெஷின் ஒன்று குப்புறக் கிடந்தது. அதிலிருந்து வந்த தூசி இன்னும் அடங்கவில்லை.

என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்த இன்ஜினியர் சார், "ஐயையோ" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ரிட்டையர் ஆன மனிதர், ரத்த அழுத்தம் வேறு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நொடி கோபம் வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் டிராயிங் சொல்லிக்கொடுத்த பாலிடெக்னிக்கில் பசங்கள் எனக்கு வைத்திருந்த பெயர் பிரஷர் குக்கர். அது தெரிந்தும் நான் என்னை மாற்றிக்கொண்டதில்லை.

வீட்டுக்காரர் பாய், லுங்கியை மடித்துக் கட்டி, தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசியோடு பக்கவாட்டில் இருந்து வந்தார்.

"என்ன பாய் பண்ணி வெச்சிருக்கீங்க? யாரக் கேட்டு ஒடச்சீங்க? நூறு வருஷத்துக் கல்லு! கோடி ரூபா குடுத்தாலும் திரும்பி வருமா? இன்னிக்குத்தான் உங்க வீட்டுக்கு முதல் தரம்னு சொல்ல வந்தோம். அதுக்குள்ள இப்படிக் கொன்னு போட்டுட்டீங்களே!"

சந்தில் இருந்த ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. அனகாபுத்தூர் சந்துகளில் ஒருவர் தும்மினால் எதிர்வீட்டுக்காரர் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவு நெருக்கம். பாய் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "டீச்சர், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. உள்ள கேக்கும்" என்றார். கேட்கட்டுமே என்று இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தைச் சுற்றியுள்ள பழைய வீடுகளைக் கணக்கெடுக்கும் ஒரு சிறிய குழு எங்களுடையது. சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஊரப்பாக்கத்தில் இருந்து ஸ்கூட்டியில் கிளம்பி, தாம்பரத்தில் இன்ஜினியர் சாரை ஏற்றிக்கொண்டு, யாராவது 'அங்கே ஒரு பழைய வீடு கீது' என்று சொன்ன தெருவுக்குப் போவேன். அவர் லேசர் மெஷினை வைத்து அளப்பார். நான் வரைவேன், படம் எடுப்பேன். எல்லாவற்றையும் நகரத்தில் இருக்கும் ஒரு கமிட்டியிடம் கொடுப்போம். எந்த வீட்டுக்கு எந்தத் தரம், எதைக் காப்பாற்றச் சொல்லிச் சிபாரிசு செய்வது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். பெரும்பாலும் நாங்கள் போவதற்குள் அந்த இடத்தில் அபார்ட்மெண்டுக்குப் பில்லர் எழும்பியிருக்கும். வெறும் கையோடு திரும்பி, வழியில் டீ குடித்துவிட்டு, ஊரைத் திட்டிக்கொண்டே வருவோம்.

அதனால்தான் பாயுடைய வீட்டை முதலில் பார்த்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய தாத்தா தோல் வியாபாரத்தில் சம்பாதித்துக் கட்டியது. பர்மா தேக்கு உத்தரம், செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை, ஜன்னலுக்கு மேலே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி. அடையாறு பக்கத்திலேயே ஓடுவதால் வீட்டை அவ்வளவு உயரத்தில் தூக்கிக் கட்டியிருந்தார்கள். பாய் திருமுடிவாக்கத்தில் கேட், கிரில் செய்யும் ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். இரும்புக்காரர், ஆனால் கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். "பல்லாவரம் மலைல வெட்டுன கல்லு டீச்சர். மாட்டு வண்டில வந்துது. ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்" என்று படியைத் தட்டிக் காட்டினார்.

அன்றைக்கு முன்கூடத்தைப் படம் எடுக்கும்போது எங்கள் வழக்கப்படி இந்தக் காலத்துச் சாமான்களை எல்லாம் ஒதுக்கினோம். பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் கேன், அயர்ன் பாக்ஸ், துணி காயப்போட்டு மூலையில் மடக்கி வைத்திருந்த ஒரு சக்கர நாற்காலி. "இதெல்லாம் ஃப்ரேம்ல வரக்கூடாதும்மா" என்று இன்ஜினியர் சாரே ஒவ்வொன்றாக நகர்த்தினார். யாருடைய சக்கர நாற்காலி என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. பழைய வீடு என்றால் காலமான பெரியவர்களுடைய சாமான் ஏதாவது கிடக்கத்தானே செய்யும் என்று நினைத்திருப்பேன். அல்லது எதுவுமே நினைக்கவில்லையோ என்னவோ.

உள்கூடத்துக்குப் போகும் நேரம் வந்தது. பாய் கொஞ்சம் தயங்கி, "சார், நீங்க இங்கயே உக்காருங்க. உள்ள வூட்ல கீறாங்க. டீச்சர் மட்டும் போட்டும்" என்றார். இன்ஜினியர் சார் மரியாதை தெரிந்தவர், உடனே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். முஸ்லிம் வீடு, பழைய குடும்பம், அன்னிய ஆண்கள் வரக்கூடாது. அதில் என்ன கேள்வி வேண்டிக்கிடக்கிறது? கேட்பதே அநாகரிகம் என்றுதான் எங்களை மாதிரி ஆட்கள் வளர்ந்திருக்கிறோம்.

உள்கூடத்தின் நடுவே கனமான பழுப்புத் திரை ஒன்று தொங்கியது. அதற்கு இந்தப் பக்கம் கட்டிலில், இடுப்பு வரை போர்வையோடு பாயின் மனைவி உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். நல்ல சிரிப்பு. "வாம்மா டீச்சர், நல்லா எழுதிக்கோ எங்க வூட்டப் பத்தி" என்று எனக்கு டீ வரவழைத்தார். அந்தப் பெருவெள்ள வருஷத்தில் சந்தே இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபோது இந்த வீட்டுக்குள் மட்டும் ஒரு சொட்டு வரவில்லையாம். அத்தனை குடும்பமும் மேலே ஏறி வந்து இவர் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டார்களாம். "அந்தப் படி இல்லன்னா நாங்க எல்லாம் இல்ல" என்றார். நானும் எழுதிக்கொண்டேன். அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் திரைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. என் வரைபடத்தில் அந்த இடத்தில் 'பெண்கள் பகுதி, திரை வழக்கம் இன்றும் தொடர்கிறது' என்று எழுதினேன்.

கமிட்டியில் அந்த ஒரு வரிக்குத்தான் எத்தனை பாராட்டு! தாம்பரம் பக்கத்தில் இப்படி ஒரு வீடு, அதன் பழைய புழக்கத்தோடு அப்படியே இருக்கிறதா என்று ஒரு அம்மாள் மூக்கில் விரல் வைத்தார். நான் எழுந்து நின்று திரையைப் பற்றிப் பேசினேன். நன்றாகவே பேசினேன். முதல் தரம் கிடைத்தது. அந்த நல்ல செய்தியைத் தூக்கிக்கொண்டுதான் அன்று காலை ஓடி வந்தோம்.

நான் கத்தி முடித்து மூச்சு வாங்கும்போது உள்ளே இருந்து குரல் வந்தது.

"டீச்சரா அது? உள்ள வரச் சொல்லுங்க."

செங்கல்லை அடுக்கி, அதன் மேல் ஒரு ஸ்டூலைப் போட்டு, பட்டறை ஆள் ஒருவர் கை கொடுக்க, வாசலில் ஏறினேன். அதே கட்டில், அதே போர்வை. ஆனால் அன்றைக்குப் பார்த்த சிரிப்பு இல்லை.

"உக்காரு. இன்னாத்துக்கு அவர அந்தக் கத்து கத்தற? ஒடைக்கச் சொன்னது நானு."

"நீங்களாக்கா? படி இல்லன்னா நாங்க எல்லாம் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் போர்வையை விலக்கினார். வலது கால் குச்சியாக மெலிந்து, பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. இடுப்பருகே தலையணைகளை அண்டக் கொடுத்திருந்தார்கள்.

"ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருசத்துக்கு மேல ஆவுது. வந்த புதுசுல நாலு பேரு நாற்காலியோட தூக்கிகினு படி எறங்குனாங்க. ஒருத்தன் கால் வழுக்கிச்சு. இடுப்பெலும்பு போச்சு. இனிமே தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அன்னிலேர்ந்து இந்தக் கட்டில்தான்."

சக்கர நாற்காலி கண் முன்னால் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நாங்கள் மறைக்கக்கூட இல்லை, கையால் தூக்கி ஓரமாக வைத்தோம்.

"அக்கா, நான் வந்தப்ப சொல்லியிருக்கலாமே. நான் வந்து, நீங்க ஆம்பளைங்க முன்னால வராத கோஷான்னு..." நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் வெளியே வந்துவிட்டது.

"இன்னாது? கோஷாவா? நானா?" அவருக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. "அடிப்பாவி! ஸ்கூட்டி எடுத்துகினு பம்மல் மார்க்கெட்டுக்குப் போயி மீன் வாங்கினு வருவேன். நான் பேரம் பேசுனா மீன்காரன் அழுதுடுவான். கேட்டுப் பாரு இந்த ஏரியால. வந்தவங்க போனவங்க கிட்டல்லாம் எனக்குக் கால் வராதுன்னு சொல்லிகினா இருப்பேன்?"

நான் திரையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"இழுத்துப் பாரு."

இழுத்தேன். திரைக்குப் பின்னால் நடுவில் துளை போட்ட ஒரு நாற்காலி, அடியில் வாளி, பிளாஸ்டிக் குவளை, பினாயில் பாட்டில். அவ்வளவுதான். கழிவறை கொல்லைக் கடைசியில் இருந்தது, அங்கே அவரால் போக முடியாது. அதற்கு ஒரு மறைப்பு. அதைத்தான் நான் எழுந்து நின்று, நூறு வருஷப் புழக்கம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியிருந்தேன். கடவுளே! திரையை இழுத்து மூடக்கூடத் தோன்றாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"அத்த வுடு. மூடு. இப்ப கேளு" என்றார். "மூணு வூடு தள்ளி எங்க லாத்தா இருந்தாங்க, கூடப் பொறந்த அக்கா. தெனம் போன்ல பேசுவோம். போன மாசம் மவுத்தாயிட்டாங்க. மூணே வூடு டீச்சர். மையத்த எடுக்கறதுக்கு முன்ன பொம்பளைங்க எல்லாம் போயி முகம் பாத்துட்டு வந்தாங்க. நான் மட்டும் போவல. தூக்கிகினு போங்கடான்னு கத்துனேன். கை தவறுனா ரெண்டு மையத்தாயிடும்னு இவரு பயந்துட்டாரு. தூக்கிகினு போவறவங்க நம்ம வாசல்ல ஒரு நிமிசம் நின்னாங்க, எனக்காவ. என்னக் கதவாண்ட இழுத்துகினு வந்து உக்கார வெச்சாங்க. அவ்ளோ ஒசரத்துலேர்ந்து இன்னா தெரியும்? மையத்து மேல போத்துன பச்சைத் துணிதான் தெரிஞ்சுது."

"ஒரு சாய்வுப் பாதை போட்டிருக்கலாமேக்கா, முன்னாடியே" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னதுதான்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "அதத்தான உங்க சார் கிட்ட அவரு கேட்டாரு?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. முதல் நாள் கிளம்பும்போது, பாய் ரொம்பத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், முன்னாடி இந்தப் படிய எடுத்துட்டு ஒரு ரேம்ப் போட்டுக்கலாமா? பட்டறைல செஞ்சே வெச்சிட்டேன்." இந்தப் பக்கத்துச் சந்துகளில் வாசலில் சாய்வு போடுவது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும், பைக்கை வீட்டுக்குள் ஏற்றத்தான். இன்ஜினியர் சார் பதறிப்போய், "பாய், கமிட்டி முடிவு சொல்ற வரைக்கும் படியில கை வெக்காதீங்க. வண்டிய வெளியவே நிறுத்துங்க, என்ன கெட்டுப்போச்சு?" என்றார். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். பாய் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். வீட்டு அம்மாளின் உடம்பைப் பற்றி அன்னிய ஆளிடம் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

வெளியே ஓடி வந்து வாசலில் நின்றேன். கீழே இன்ஜினியர் சாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. உடைந்த கல் ஒன்றின் மேல் உட்கார்ந்து, "படிக்கு மேலயே, ஒடைக்காம, கழட்டி மாட்டற மாதிரி ரேம்ப் போட்டிருக்கலாம் பாய். நானே டிசைன் பண்ணிக் குடுத்திருப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தா செஞ்சிருப்பேன் சார்" என்றார் பாய். கோபமே இல்லை. "எனக்கு மட்டும் ஆசையா என் தாத்தா போட்ட கல்ல ஒடைக்க? கை வெக்காதன்னீங்க. பெரிய எடத்து விசயம், சொல்லுவாங்கன்னு காத்துகினு இருந்தேன். மூணு மாசம் அந்த ரேம்ப் பட்டறைல சும்மா கெடந்துச்சு. நடுவுல அவ அக்கா போயிட்டாங்க. அதுக்கு அப்பறம் அவ என் கிட்ட சரியாவே பேசல. நேத்துத்தான் பேசுனா. 'ஒட'ன்னா. ஒடச்சிட்டேன்."

நாங்கள் சொன்னதைக் கேட்டதனால். எங்களை நம்பிக் காத்திருந்ததனால். நான் அந்தரத்து வாசலிலேயே உட்கார்ந்து, கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு அழுதேன். சந்து முழுக்கப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், அப்போதும் கீழே கிடந்த கல்லைப் பார்த்தால் வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருக்கிறது, என்ன செய்ய?

திருமுடிவாக்கத்தில் இருந்து மினி லாரி வந்தது. சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நிறுத்தி, இரும்புத் துண்டுகளைத் தோளில் தூக்கி வந்தார்கள். புள்ளி புள்ளியாக மேடு வைத்த இரும்புத் தகடு, இரண்டு பக்கமும் கைப்பிடி. வீட்டின் முகத்தை ஒட்டியே போய், ஒரு மூலையில் திரும்பி, மெல்ல இறங்குகிற பாதை. படிகள் இருந்த இடம் இல்லாமல் அது அந்தச் சின்ன முற்றத்தில் அடங்காது என்பது பார்த்ததுமே தெரிந்தது. இன்ஜினியர் சார் சட்டைக் கையை மடித்துவிட்டு, மட்டம் பிடித்துக் கொடுத்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரே போய் நின்றார். மதியத் தொழுகை முடிந்து பாய் பள்ளிவாசலில் இருந்து திரும்பியபோது கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சக்கர நாற்காலியைத் துடைத்து நான்தான் விரித்தேன். அக்கா நல்ல புடவை ஒன்று கட்டி, தலையில் முக்காடு போட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்து அதில் நகர்ந்து உட்கார்ந்தார். பாய் முன்னால் நின்று பின்பக்கமாக நடந்தார், எங்கே உருண்டுவிடுமோ என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். மூலையில் திரும்பும்போது அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். சக்கரம் தரையைத் தொட்டதும் திறந்தார். எதிர்வீட்டு மாமி ஓடி வந்து அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "வெளிய வந்துட்டியாடி!" என்று அழுதாள். அக்கா அவள் கையைத் தட்டிவிட்டு, "அப்பறம் பேசலாம். டீச்சர், தள்ளு" என்றார்.

மூன்று வீடு. யாருடைய பைக்கோ குறுக்கே நின்றது, பாய் அதை நகர்த்தினார். சாக்கடை மூடிமேல் சக்கரம் ஒருமுறை மாட்டி விடுபட்டது. அவ்வளவு தூரம்தான்.

லாத்தாவின் வீடு புது வீடு, டைல்ஸ் ஒட்டியது. வாசலில் அங்கேயும் இரண்டு படி. அதனால் சந்திலேயே நின்றோம். லாத்தாவின் மருமகள் சத்தம் கேட்டு ஓடி வந்து, "சின்னம்மா!" என்று அந்தப் படியிலேயே உட்கார்ந்து அவர் மடியில் தலை வைத்துக்கொண்டாள். அக்கா அவள் முடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"கடைசில என்னப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

அந்தப் பெண் நிமிரவில்லை. சொல்லலாமா வேண்டாமா என்று அவள் தோளிலேயே தெரிந்தது.

"சொல்லு."

"கடைசி ரெண்டு நாளு நெனவு சரியா இல்ல சின்னம்மா. 'அவ ஏன் வரல, மூணு வூடு தள்ளிக் கீற எங்கிட்ட வர்றதுக்கு இன்னா அவளுக்கு, நான் இன்னா பண்ணேன் அவள'ன்னு கேட்டுகினே இருந்தாங்க. அவங்களுக்குக் கால் முடியல, படி எறங்க முடியாதுன்னு சொன்னோம். சரின்னுவாங்க. கொஞ்ச நேரத்துல மறந்துட்டு மறுபடி கேப்பாங்க."

"கோவமாவே போயிட்டாங்களா?"

மருமகள் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்காவின் முகம் எனக்குத் தெரியவில்லை, முக்காடு மட்டும்தான் தெரிந்தது.

"திருப்பு டீச்சர்" என்றார். "வூட்டுக்குப் போலாம்."

திருப்பினேன்.